ரோசாந்தாவின் கழுத்தும் மச்சுப் பூஞ்சணமும்

நாற்பத்தாறாயிரத்து முந்நூறு தினார். முடி அலங்காரக் கடை வைத்திருக்கும் ரோசாந்தா, வீடுகளின் கூரைக்கடியில் மச்சு வேலை பார்க்கும் விடோசாவுக்குத் தரவேண்டிய தொகை அது. மார்ச் மாதம் ஏற்பட்ட கடன். நவம்பர் பிறந்த பிறகும் அதில் ஒரு தினார்கூடக் குறையவில்லை.

ரோசாந்தா அதைக் கடன் என்று ஒப்புக்கொண்டதும் இல்லை. தெருவில் எதிர்ப்பட்டு விடோசாவ் தலையைச் சொறிந்தால், "கடன்னு சொல்லாதே மேஸ்திரி, காதுக்கு நல்லா இல்ல. பொறுத்துப் பாக்குறோம்னு சொல்லு" என்பாள்.

தப்பு அவன் வாயில்தான். மார்ச் மாதம் அவள் வீட்டு மச்சில் ஐந்து நாள் மண்டியிட்டு, கைமரங்களில் கன்னங்கரேலென்று படர்ந்திருந்த பூஞ்சணத்தைத் தேய்த்து எடுத்தான். ஈர மரத்திலிருந்து நீர்ச்சொட்டுகள் முதுகில் விழுந்தன. கூரை சரிந்து முடியும் இறவாரத்தில் காற்று வர வழியே இல்லாததைப் பார்த்து, வடக்குப் பக்கம் பதினொன்று, தெற்குப் பக்கம் பதினொன்று என்று ஓட்டை போட்டு வலை அடித்தான். கடைசி நாள் ஏணியிலிருந்து இறங்கும்போது அவள் கேட்டாள், "திரும்ப வந்துராதே?" அறுபத்தொரு வயது, முழங்கால் கெஞ்சுகிறது, கூலியை வாங்கிக்கொண்டு போய்ப் படுத்தால் போதும் என்ற நிலையில் மனிதனுக்குத் திமிர் எங்கிருந்து வருமோ தெரியாது. "திரும்ப வந்தா எனக்கு ஒரு தினார் வேண்டாம் மதினி" என்றுவிட்டான்.

அவள் பர்ஸைத் திறந்த கை அப்படியே நின்றது. "நல்ல பேச்சு. அப்ப ஒரு மழைக்காலம் போகட்டும்" என்று பர்ஸை மூடிவிட்டாள்.

அந்தப் பணத்தை அவன் கீழ்வரிசைப் பல்லுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தான். பல் வைத்தியர் கேட்டது நாற்பத்தைந்தாயிரம். மீதி ஆயிரத்து முந்நூறுக்கு ஆட்டு வறுவல் வாங்கி, எலும்போடு கடித்துத் தின்பது என்று கணக்கு. மார்ச்சிலிருந்து அவன் தின்றதெல்லாம் சூப்பும், சூப்பில் ஊறிய ரொட்டியும்தான். ஆரில்யே ஊர் முழுக்க ராஸ்பெரி பறித்துத் தின்ற ஜூன் மாதத்தில், அதன் விதை ஈறில் குத்துகிறது என்று அதையும் வடிகட்டிக் குடித்த ஆள் அவன் ஒருவன்தான்.

நவம்பர் நாலாம் தேதி காலையில் போன் வந்தது.

"மேஸ்திரி, உன் பூசணம் வந்திருக்கு. வந்து பாத்துட்டுப் போ."

"என் பூசணமா மதினி?"

"பின்னே என்னோடதா? நீதானே அதை வெளிய அனுப்புனே. பாவம், உன்னத் தேடிக்கிட்டுத் திரும்பி வந்திருக்கு."

விடோசாவ் சூப்புக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினான்.

ரோசாந்தாவின் கடை வீட்டின் முன்னறைதான். அவன் போனபோது தபால் ஆபீஸ் மிலூனா தலை முழுக்க முடி சுருட்டும் குழல்களோடு நாற்காலியில் இருந்தாள். மூலையில் ரோசாந்தாவின் புருஷன் ஒப்ரேன், ரிட்டயரான பஸ் டிரைவர், தொந்தியின்மேல் செய்தித்தாளை விரித்து அதற்குள் இருந்தான்.

"வா மேஸ்திரி. பல்லு வந்துச்சா?" என்றாள் ரோசாந்தா.

"நீங்க மனசு வச்சா வரும்."

"நான் மனசு வச்சுதான் இருக்கேன். உன் பூசணந்தான் மனசு வைக்கல. மச்சுல துணி காயப்போடாதேன்னே. போடல. முப்பது துண்டு தினமும் துவைக்கிறேன், அத்தனையும் அடுப்புக்குப் பக்கத்துலதான் காயுது. குளியலறைக் குழாய மச்சுக்குள்ள விடாதேன்னே. அதையும் வெளிய எடுத்து விட்டாச்சு. ஒரு ஆள் மேல ஏறல. ஈ ஏறல. அப்புறம் எப்படி வந்துச்சாம்?"

செய்தித்தாள் மடங்கியது. "விறகு எடுத்துட்டு வந்துர்றேன்" என்று ஒப்ரேன் எழுந்து போனான். விறகுப்பெட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

விடோசாவ் பையைத் திறந்தான். முழுக்கை மேலங்கி, முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணை அடைத்து மூடும் கண்ணாடி, பொடி புகாத தடித்த முகக்கவசம். ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டான்.

"பாக்கத்தானே போற? நிலாவுக்குக் கிளம்புற மாதிரில்ல இருக்கு" என்றாள் ரோசாந்தா.

"அத வெறும் மூக்கோட பாக்கக்கூடாது மதினி. கைபட்டாப் பொடி பறக்கும். பறந்தது நேரா நெஞ்சுக்குள்ள போயி உக்காந்துரும். மிலூனா அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. கதவத் தொறக்கப்போறேன்."

மச்சுக் கதவு, தலை கழுவும் நாற்காலிக்கு நேர் மேலே கூரையில் இருந்தது. மிலூனா குழல்களோடு சமையலறைக்கு ஓடினாள். விடோசாவ் ஏணி வைத்து ஏறி, கதவைத் தள்ளி உள்ளே போய், உள்ளிருந்தே மூடிக்கொண்டான்.

விளக்கை அடித்துப் பார்த்தான். வடக்குப் பக்கக் கைமரங்கள் மேலிருந்து கீழ்வரை கறுத்திருந்தன. மார்ச்சில் பார்த்த அதே கறுப்பு. போயிற்று, பல் போயிற்று, வாயை விட்டுக் கெட்டேன் என்று மரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

உட்கார்ந்தபடி விளக்கைத் தெற்கே திருப்பினான். அந்தப் பக்கம் மரம் பால் மாதிரி வெளுப்பாக இருந்தது. ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

ஒரே கூரை, ஒரே மழை, ஒரே ஆள் தேய்த்த தேய்ப்பு. பாதி கறுத்து, பாதி வெளுத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். வடக்கு இறவாரம் வரை தவழ்ந்து போனான். அவன் போட்ட முதல் ஓட்டையைத் தேடினான். ஓட்டை இருந்த இடத்தில் ஏதோ கடினமாக அடைத்திருந்தது. பிடித்து இழுத்தான். விறைத்த துண்டு ஒன்று வந்தது, கூடவே ஜில்லென்று காற்று வந்தது. அடுத்ததிலும் துண்டு. அதற்கு அடுத்ததிலும். பதினொரு ஓட்டையிலும் பதினொரு துண்டு. தெற்கே பார்த்தால் எல்லாம் திறந்தே கிடந்தன. அந்தப் பக்கம் கூரை தாழ்ந்து இறங்கும். வயிறு இருக்கிற ஆள் அங்கே நுழைய முடியாது. விடோசாவுக்கு வயிறு இல்லை, சூப்புத்தானே.

ஒரு துண்டை மட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, பையின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு இறங்கினான். வாசலில் நின்று மேலங்கியைக் கழற்றிச் சுருட்டி இன்னொரு பையில் போட்டான். அதற்குள் மிலூனா தன் இடத்துக்கு வந்துவிட்டிருந்தாள்.

பையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தான். "மதினி, இது யாரோடது?"

கறுப்பும் பச்சையுமாக இருந்த துணியின் மூலையில் சிவப்பு நூலால் தைத்த எழுத்து தெரிந்தது. ரோசாந்தா தன் கையால் தைக்கும் எழுத்து.

"என் துண்டு! ஏப்ரல்ல காணாமப்போன துண்டு! பதினொண்ணு!" என்றவள், ஏனோ மிலூனாவைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையைத் திருப்பினாள்.

மிலூனா குழல்கள் கிலுகிலுக்கத் தலையை நிமிர்த்தினாள். "என்னத்துக்கு என்னைப் பாக்குறே? ஓகோ. அதான் ஏழு மாசமா நான் கிளம்புறப்பல்லாம் என் பையையே பாத்துக்கிட்டிருந்தியா?"

"பையைப் பாக்கல, பை அழகா இருக்கேன்னு பாத்தேன்."

"பன்னெண்டு வருசப் பழைய பைடி அது."

"ஒப்ரேன்!" என்று ரோசாந்தா போட்ட சத்தம் பக்கத்து ராஸ்பெரித் தோட்டம் வரை கேட்டிருக்கும்.

ஒப்ரேன் ஒரே ஒரு விறகோடு வந்து நின்றான். பையைப் பார்த்தான். விறகை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"நீயா?"

"நீதானே சொன்னே."

"நான் என்ன சொன்னேன்?"

"ஏப்ரல்ல, மலைக்காத்து அடிச்ச வாரம். மிலூனாவுக்கு இந்த நாற்காலியிலதான் கழுத்துப் பிடிச்சுது. ஒரு வாரம் ஆபீசுல தலைய ஒருபக்கமாச் சாச்சுக்கிட்டுத்தான் முத்திரை குத்துனா. ரோசாந்தா கடையில குறுக்குக்காத்து அடிக்குதுன்னு ஊரெல்லாம் சொன்னா. ரெண்டு வாரம் ஒரு தலை வரல. அந்த மேஸ்திரி என் கூரையச் சல்லடையாக்கிட்டான், ஒரு ஆம்பள இருந்தா அதை அடைக்க மாட்டானான்னு நீதானே அழுதே?"

"அதுக்கு என் நல்ல துண்டா?"

"அழுத்தமா நின்னுச்சு. வேற துணி நிக்கல."

விடோசாவ் சிரித்துவிடாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ரோசாந்தா புருஷன் பக்கம் திரும்பினாள். திட்டு வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். "இந்த முழங்காலோட ஏணியில ஏறுனியா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மிலூனாவின் குழல்களைத் தேவைக்கு மேல் வேகமாகக் கழற்றத் தொடங்கினாள்.

மிலூனா போனதும் மூவரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். ரோசாந்தா காப்பி போட்டாள். ஆளுக்கு ஒரு ஸ்பூன் ராஸ்பெரிப் பாகும் தண்ணீரும் வைத்தாள். விடோசாவுக்கு மட்டும் விதை எடுத்த பாகு. அதைப் பார்த்து அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"மதினி, தப்பு மரத்துமேலயும் இல்ல, என் வேலைமேலயும் இல்ல. கீழ நீங்க நாளெல்லாம் தலை கழுவுறீங்க. ஆவி மேல ஏறும். ஏறுன ஆவி வெளிய போகணும். வடக்க நுழைஞ்சு தெக்க போற காத்துதான் அதை இழுத்துட்டுப் போகும். ஒரு பக்கத்த அடைச்சா ஆவி அங்கேயே தங்கிக் குளுந்து மரத்துல வேர்க்கும். பூசணத்துக்கு அது விருந்து. காத்து நல்லதுங்க."

"காத்து நல்லதா?"

"காத்துதான் மருந்து."

"சரி" என்று எழுந்தாள் ரோசாந்தா. மேசைக்குப் பின்னால் இருந்த ஜன்னலை அகலத் திறந்தாள். எதிரே போய் முற்றத்துக் கதவையும் திறந்து அதில் ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்தாள். நவம்பர்க் காற்று மேசைத்துணியைத் தூக்கிக்கொண்டு விடோசாவின் முதுகுக்குள் புகுந்தது. அவள் வந்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். "குடி மேஸ்திரி. மருந்து வருது."

விடோசாவ் ஒரு வாய் குடித்தான். இடுப்பில் கம்பளிக் கச்சை கட்டியிருந்தான்தான், ஆனாலும் சிறுநீரகத்தில் குளிர் வந்து உட்காருவது தெரிந்தது. அவன் அம்மா அவனை வளர்த்ததே ஜன்னலும் கதவும் ஒருசேரத் திறந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தால் குறுக்குக்காற்று கழுத்தையும் இடுப்பையும் பிடித்துவிடும் என்று சொல்லித்தான். இரண்டாவது வாய் குடித்தான். காது மடல் வலித்தது. எழுந்து போய்ச் செங்கல்லை நகர்த்திக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

ஒப்ரேன் மேசையில் தட்டிச் சிரித்தான். ரோசாந்தா சிரிக்கவில்லை, அதுதான் மோசம்.

"என் கூரைக்குன்னா மருந்து. உன் இடுப்புக்குன்னா விஷமா?"

"மரத்துக்குக் கழுத்து இல்லையே மதினி."

"மரத்துக்கு இல்ல. அதுக்குக் கீழ உக்கார்ற பொம்பளைக்கு இருக்கு. ஈரத் தலையோட உக்கார்ற பொம்பளை. உன் மருந்து ஒழுகி அவ கழுத்துல விழுந்தா நான் கடையச் சாத்தணும். மச்சுக் காத்து கீழ வராதுன்னு மார்ச்சுல சத்தியம் பண்ணியே?"

பண்ணியிருந்தான். மச்சுக் கதவைச் சுற்றிக் கம்பளிப் பட்டை ஒட்டினால் காற்று இறங்காது என்பது அவன் வழக்கமான பேச்சு. காப்பியை வைத்துவிட்டு எழுந்து முன்னறைக்குப் போனான். ஏணியில் இரண்டு படி ஏறிக் கதவின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு வந்தான். ஒரு பக்கம் பட்டை இருந்தது. இரண்டாம் பக்கம் இருந்தது. மூன்றாம் பக்கம் இருந்தது. நாலாவது பக்கம், சுவரை ஒட்டிய பக்கம், விரல் வெறும் மரத்தில் ஓடியது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஐந்தாம் நாள் மாலை பட்டை தீர்ந்துபோனது. ஒரு முழம் நாளைக்குக் கொண்டுவந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று இறங்கினான். அன்று ராத்திரியே ஈறு வீங்கிப் பத்து நாள் படுக்கை. அந்த ஒரு முழம் அப்படியே மறந்துபோனது. அதன் வழியாகத்தான் குளிர் இறங்கி மிலூனாவின் கழுத்தில் விழுந்திருக்கிறது. அதன் வழியாகத்தான் நாற்காலி ஆவியும் மேலே ஏறியிருக்கிறது.

பையில் பட்டை இருந்தது. இரண்டு நிமிட வேலை. சமையலறையில் அவர்கள் இருவரும் துண்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒட்டிவிட்டுப் போய், பாருங்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றால் முடிந்தது. குற்றமெல்லாம் ஒப்ரேன் தலையில், பணம் தன் கையில். ஏணியில் நின்றபடியே நாக்கால் வெற்று ஈறைத் தடவிக்கொண்டிருந்தான்.

பட்டையை எடுக்காமலே இறங்கிவந்தான்.

"மதினி, நாலாவது பக்கம் ஒட்டல. நான்தான் விட்டுட்டேன். காத்து அதுலதான் எறங்கியிருக்கு. அண்ணன் துண்டு அடைச்சதும் அதனாலதான்."

ஒப்ரேன் முகத்தில் ஏழு மாதத்தில் வராத நிம்மதி வந்தது.

"நீயா வந்து சொல்றே?" என்றாள் ரோசாந்தா.

"சொல்லித்தானே ஆகணும்."

"சொல்லாம ஒட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"இப்பத் தெரிஞ்சுபோச்சு."

அவள் காப்பி வண்டலைச் சுழற்றிக்கொண்டே யோசித்தாள். "அப்ப உன் வாக்குப்படி உனக்கு ஒண்ணும் கிடையாது. ஆனா துண்டு அடைச்சது என் வீட்டு ஆளு. அதுல என் பங்கும் இருக்கு. ஒண்ணு பண்ணு. மறுபடி தேச்சு எடு, கூலி கிடையாது. கூட மாட வேலைக்கு இந்த ஆம்பளைய வச்சுக்க. நாலாவது பக்கத்தையும் ஒட்டு. முடிஞ்சதும் காத்தடிக்கிற நாளாப் பாத்து நானே தலைய நனைச்சுக்கிட்டு அந்த நாற்காலியில அரை மணி நேரம் உக்காருவேன். மறுநாள் காலையில என் கழுத்து ரெண்டு பக்கமும் திரும்புச்சுன்னா பணம் முழுசா உனக்கு. திரும்பலேன்னா, நீ சூப்புக் குடி, நான் முன்னால மட்டும் பாத்துக்கிட்டு வாழ்றேன்."

"ஈரத் தலையோடயா?" என்று ஒப்ரேன் எழுந்துவிட்டான். "வேணாண்டி. பணத்தக் குடுத்துத் தொலை."

"நீ உக்காரு. துண்டுத் திருடன்."

வேலை மூன்று நாள் நடந்தது. கடையை அடைத்து, சாமான்களை எல்லாம் நகர்த்தி, மச்சுக் கதவைச் சுற்றிக் கூரையிலிருந்து தரை வரை பிளாஸ்டிக் தாளைத் தொங்கவிட்டு ஒட்டினான் விடோசாவ். ஒப்ரேனுக்கு மேலங்கி, கண்ணாடி, கையுறை மாட்டி, முகக்கவசத்தின் ஓரத்தை விரலால் அழுத்தி, "ஊதுங்க அண்ணே" என்றான். மீசை வழியாகக் காற்று கசிந்தது.

"மீசை போகணும்."

"நாப்பது வருச மீசைடா."

"பொடி நுழையுற வழி அது. மீசை வேணுமா, நெஞ்சு வேணுமா?"

ரோசாந்தாவே கத்தியை எடுத்து, கடை நாற்காலியில் உட்கார வைத்து, மூன்று இழுப்பில் எடுத்துவிட்டாள். "அட, உதடு இருக்கே!" என்றாள். கவசம் மாட்டிய பிறகு அவன் பேசியது எதுவும் வெளியே கேட்கவில்லை. முப்பத்து நாலு வருடத் தாம்பத்தியத்தில் இவ்வளவு நிம்மதியை அனுபவித்ததில்லை, இந்தச் சாமானைத் தனியாக விலைக்குத் தருவாயா என்று மேஸ்திரியைக் கேட்டாள்.

மேலே முதல் வேலையாக ஒப்ரேன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தான். வீட்டில் காய்ச்சிய ப்ளம் சாராயம். கவசத்தைத் தூக்கிக் குடிக்கப்போகிறான் என்று விடோசாவ் பாய்ந்தான். குடிப்பதற்கு இல்லை, மரத்துக்காம்.

"இதைத் தடவுனா எல்லாம் செத்துரும். என் முட்டிவலிக்கு இதான். வயித்துவலிக்கும் இதான்."

"விளக்குச் சூட்டுல வீடே பத்திக்கும் அண்ணே. கீழ வச்சிட்டு வாங்க."

"வெளுப்பு மருந்து இருக்கு, அதுல வினிகரக் கலந்து ஊத்துனா?"

"ரெண்டும் சேந்தா விஷப்புகை. மதினிக்கு நம்ம ரெண்டு பேரையும் எடுத்து அடக்கம் பண்ற வேலைதான் வரும். சொல்றதச் செய்ங்க."

குளிர் தடுக்க மச்சுத் தரையில் விரித்திருந்து, நனைந்து கட்டியாகிப்போன கண்ணாடிப் பஞ்சை இரட்டைப் பையில் போட்டுக் கட்டி, வீட்டுக்குள் கொண்டுவராமல் மச்சு ஜன்னல் வழியாகக் கயிற்றில் இறக்கினார்கள். துண்டுகளும் அதே வழியில் போயின. பிறகு மரத்தில் சோப்புத்தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளித்து, நனைந்த பிறகே பிரஷ்ஷால் தேய்த்தார்கள். காய்ந்த பூஞ்சணத்தைத் தேய்த்தால் வீடு முழுக்க விதைத்த மாதிரி ஆகும். ஓர் அடி தேய்ப்பது, துணியால் துடைப்பது, அழுக்குத் தண்ணீரை மாற்றுவது, மறுபடி ஓர் அடி. கறை போகாத இடத்தை உப்புத்தாளால் ஈரமாகவே உரசினார்கள். மரம் காய்ந்ததும், நுண்ணிய வடிகட்டி வைத்த தூசி உறிஞ்சியால் மூலை முடுக்கெல்லாம் இழுத்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒப்ரேன் மரத்தில் சாய்ந்தபடி கவசத்துக்குள்ளிருந்து முனகினான். நாற்பது வருடம் பஸ் ஓட்டியதெல்லாம் ஓய்வு, இதுதான் வேலை என்று சொன்னதாக விடோசாவ் புரிந்துகொண்டான்.

மூன்றாம் நாள் ஈரம் அளக்கும் ஊசியை மரத்தில் குத்திக் குத்திப் பார்த்தான். வடக்கிலும் தெற்கிலும் பதினைந்து சதவீதம். போதும். இறவாரத்து இருபத்திரண்டு ஓட்டைகளிலும் காற்று விசிலடித்துக்கொண்டு போனது. புதுப் பஞ்சைத் தரையில் விரிக்கும்போது இறவாரத்தை மூடாமல் ஒரு சாண் விட்டு விரித்தான். மச்சுக் கதவில் நாலாவது பக்கத்துக்குப் பட்டை ஒட்டி, மற்ற மூன்றையும் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டி, கதவை இழுத்துப் பிடிக்க இரண்டு கொண்டியும் போட்டான்.

மலைக்காற்று வரும் நாளுக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு வாரமும் விடோசாவ் தினமும் மலையைப் பார்த்தான். ஊரில் காற்று வரவேண்டும் என்று காத்திருந்த ஒரே மனிதன் அவன்தான். வந்த அன்று தெருவில் குப்பைத்தொட்டி உருண்டோடியது. எல்லோரும் ஜன்னலைச் சாத்தினார்கள்.

ரோசாந்தா தலையை நனைத்து, துவட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் படுப்பவள் மாதிரி இருந்தது. மிலூனா இதைப் பார்ப்பதற்கென்றே ஆபீஸைப் பாதியில் மூடிவிட்டு வந்திருந்தாள். விடோசாவ் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி மச்சுக் கதவின் நாலு ஓரமும் காட்டினான். சுடர் நிமிர்ந்தே நின்றது. நாலாவது பக்கத்தில் மட்டும் இரண்டு தடவை காட்டினான்.

"வருதாடி?" என்று மிலூனா கேட்டாள்.

"பேசாதே. பேசுனா உன் மூச்சே காத்தா வருது."

ஒப்ரேன் கம்பளியோடு பக்கத்தில் நின்றான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "போதும், எழுந்திரு" என்றான். அரை மணி முடிந்ததும் அவளைக் கம்பளியில் சுற்றி, கழுத்தில் சாராயம் தேய்க்கப் போனான். விடோசாவ் குறுக்கே விழுந்து தடுத்தான். "மருந்து போட்டா அது சோதனையே இல்ல அண்ணே!"

மறுநாள் காலை ஏழு மணிக்கு விடோசாவ் கடை வாசலில் நின்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோசாந்தா தரை பெருக்கிக்கொண்டிருந்தாள். தலை வலது தோள்மேல் சாய்ந்திருந்தது. அவனைப் பார்க்க உடம்பு முழுவதையும் திருப்பினாள். ஒரு கை கழுத்தைப் பிடித்திருந்தது.

விடோசாவ் கதவைத் திறந்து வாசற்படியிலேயே நின்றான். "ரொம்ப வலிக்குதா மதினி?" என்றான். பணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பணம் கெடக்கட்டும். சூடா உப்பு வறுத்துத் துணியில கட்டி வைங்க. நான் வேணா வறுத்துத் தரவா?"

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். இடது பக்கம் திரும்பினாள், வலது பக்கம் திரும்பினாள், மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், ஆந்தை மாதிரி பின்னாலும் பார்த்து, "ஒப்ரேன், டப்பாவ எடுத்துட்டு வா" என்றாள்.

"மதினி!"

"ஏழு மாசம் என் துண்டு காணாமப்போச்சு, புருஷன் மீசை போச்சு. ஒரு நிமிசம் நீ பயந்தா என்ன? கதவச் சாத்திட்டு உள்ள வா, காத்து வருது."

விடோசாவ் அவசரமாகக் கதவைச் சாத்தினான்.

அவள் பிஸ்கட் டப்பாவைத் திறந்து கண்ணாடி மேசையில் எண்ணினாள். ஆயிரமாயிரமாக நாற்பத்தாறு வந்தது. டப்பாவைக் கவிழ்த்தாள். இரண்டு கொண்டை ஊசிகள் விழுந்தன. வேறொன்றும் இல்லை.

"முந்நூறு குறையுது" என்றாள்.

"விடுங்க மதினி."

"என்னத்த விடுறது? அரைகுறையாக் குடுத்தா நீயும் ஒரு பக்கத்த ஒட்டாம விடுவே." புருஷன் பக்கம் திரும்பினாள். "துண்டுத் திருடா, நீ எடு."

"எங்கிட்ட ஏது?"

"கேக்கல. எடுன்னேன்."

ஒப்ரேன் மீசை இல்லாத உதட்டைத் தடவிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து, கம்பளிக் காலுறைக்குள் கைவிட்டான். நாலாக மடித்த ஒரு நூறு வந்தது. இன்னொன்று வந்தது. மூன்றாவது வருவதற்குக் காலை மாற்ற வேண்டியிருந்தது.

ரோசாந்தா அந்தக் காலுறையையே பார்த்தாள். "இன்னும் எவ்வளவு இருக்குன்னு அப்புறம் பேசுவோம்" என்றாள். மூன்று தாளையும் மேசையில் தேய்த்து நிமிர்த்தி, மற்றதோடு சேர்த்து விடோசாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள். நாற்பத்தாறாயிரத்து முந்நூறு.